பதினோரு பெயர்கள் நீங்கலாக

மரிசெல், தன் அக்கா இவோனுக்கு
பைசாண்டு, 9 பிப்ரவரி 2014, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

இங்கே அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் ரத்த அழுத்தம் இந்த வாரம் சொன்ன பேச்சு கேட்கிறது. என் முட்டிதான் மாடிப்படி ஏறும்போது முனகுகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? மொந்தேவிதேயோவில் வெயில் கொளுத்துகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் நாம் இருவரும் கத்த ஆரம்பித்துவிடுகிறோம். "எழுதித் தொலைங்கடி. எழுதினாலாவது ஒருத்தி முடிக்கிற வரைக்கும் இன்னொருத்தி வாயை மூடிக்கிட்டு இருப்பீங்க" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆகவே இந்த மின்னஞ்சல். மகாராணிக்கு வந்த முதல் மனு என்று வைத்துக்கொள்.

நீ அனுப்பிய பையை அம்மா தோளிலிருந்து இறக்குவதே இல்லை. வெந்நீர் பிளாஸ்க், மாட்டே டீ குடிக்கிற குடுவை, உறிஞ்சுகுழல், இலை டப்பா எல்லாவற்றையும் அதில் அடுக்கிக்கொண்டு சாயங்காலமானால் சதுக்கத்துக்குப் போய்விடுகிறாள். பெஞ்சில் உட்கார்ந்து குடுவையைச் சுற்றிக் கொடுப்பதைவிடப் பையைச் சுற்றிக் காட்டுவதுதான் அதிகம். "மூத்தவ பண்ணது. நெட்டுல விக்கிறா. அர்ஜென்டினாவுக்குக்கூடப் போகுதாம்." பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் மாத்திரை எடுத்துக் கொடுத்தவள், அந்த பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றியவள். "இது சின்னவ, லேபுல இருக்கா" என்று எனக்கு ஒரு வரி. அதுவும் யாராவது கேட்டால்தான்.

எனக்கும் ஒரு பை தைத்து அனுப்புவதாகப் போனில் சொன்னாய். வேண்டாம். என்னுடைய பழைய துணிப்பை நன்றாகவே இருக்கிறது, அதற்கு இன்னும் நான்கு வருஷ ஆயுள் உண்டு. எனக்கென்று தைப்பதை விற்று நீ நாலு காசு பார்.

அம்மாவின் முத்தங்கள் முழுசாக. என்னுடையது பாதி.

மரிசெல்


மரிசெல், "தெல்மா ரிவாஸ்" என்ற பெயரில், இவோனின் கடைக்கு
(தெல்மா, ரத்தப் பரிசோதனை லேபில் மரிசெலோடு வேலை பார்ப்பவள். மின்னஞ்சல் முகவரி இந்த ஒரு கடைக்கென்றே மரிசெல் புதிதாகத் திறந்தது.)
11 பிப்ரவரி

கடை நடத்துபவருக்கு வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் தளத்தில் பார்த்த காப்பிக்கொட்டை நிறத் தோல் பை ஒன்று வேண்டும். படத்தில் அழகாக இருக்கிறது. படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். தையல் பிரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பையைப் பேருந்தில் போட்டு விடுங்கள். பைசாண்டு நிலையத்தின் பார்சல் கவுன்ட்டரில் என் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தெல்மா ரிவாஸ்


இவோன், தெல்மாவுக்கு
13 பிப்ரவரி

மதிப்புக்குரிய திருமதி தெல்மா,

நீங்களும் வீட்டாரும் சுகம்தானே. பைசாண்டு என்று பார்த்ததும் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். நான் பிறந்து வளர்ந்த ஊர். ஆற்றங்கரையில் இப்போதும் சாயங்காலக் கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறதா?

தையல் பிரிந்தால் மட்டும் இல்லை, பை மனசுக்குப் பிடிக்காவிட்டாலும் திருப்பி அனுப்புங்கள். ஒரே ஒரு கேள்வி. எந்தத் தோளில் மாட்டுவீர்கள்? இடது தோள் என்றால் பிளாஸ்க் அறையை மறுபக்கம் வைத்துத் தைக்கிறேன். பலபேர் இதைச் சொல்வதில்லை, பிறகு நடக்கும்போது முழங்கையில் இடிக்கிறது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, என் தங்கையும் அங்கேதான் இருக்கிறாள். நான்கு வருஷமாக இந்தத் தொழில் பார்க்கிறேன், அவள் என் பை ஒன்றைக்கூடத் தோளில் மாட்டியதில்லை. சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறாள். அவளுக்குக் கண் கூர்மை. எனக்குத் தெரியாத ஏதோ குறை அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பை வந்ததும் நீங்களாவது உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

அன்போடு,
இவோன்


மரிசெல், இவோனுக்கு
(எழுதி வைத்தது. அனுப்பவில்லை.)
2 மார்ச், ஞாயிறு

இவோன்,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. நல்ல வேளை, இதை நான் அனுப்பப் போவதும் இல்லை.

பை வந்துவிட்டது. இடது தோள் என்று தெல்மா பெயரில் ஒரு வரி எழுதியிருந்தேன் அல்லவா, அப்படியே தைத்து அனுப்பியிருக்கிறாய். தெல்மா அட்டையைக் காட்டி வாங்கி வந்து லேபில் என் மேசைமேல் வைத்தாள். "சொந்த அக்காகிட்ட பை வாங்க என் பேரு எதுக்குடி? பொட்டிக்குள்ள என்ன, கள்ளச் சரக்கா?" என்றாள். உனக்கு ஏன் அந்தக் கவலை என்று வாயை அடைத்துவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு, சோதனைக் குழாய் லேபிளைப் படிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன். வாரைப் பிடித்து இழுத்தேன். பிளாஸ்க்கை நிரப்பி உள்ளே வைத்துக் குலுக்கினேன். ஒரு குறை கிடைக்கட்டும் என்று மெழுகுவத்தி ஏற்றாததுதான் பாக்கி. கிடைக்கவில்லை. உள்ளே உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. "தெல்மா, இது உங்கள் தோளுக்கென்று தைத்தது. நல்ல நாட்களில் மாட்டிக்கொண்டு போங்கள்."

எனக்குப் பொறாமை. சொல்லிவிடுகிறேன். உன் கடைமேல் பொறாமை எனக்குப் பழகிப்போனது. அம்மா வாயில் உன் பெயர் வரும்போதெல்லாம் வயிறு எரிவதும் பழகிப்போனது. இது புதுசு. எனக்கு நீ சொல்வதெல்லாம் "நலம், வேலை அதிகம், அம்மாவுக்கு உப்பைக் குறை". முகம் தெரியாத ஒருத்தியிடம் எந்தத் தோள் என்று கேட்கிறாய். நான் இடதுகைக்காரி என்பது எனக்கு முன்னாலேயே உனக்குத் தெரியும். அம்மாவுக்கு நீ அனுப்பிய பையில் ஒரு சீட்டும் இல்லை. எனக்கு அனுப்ப இருந்த பையில் இருந்திருக்குமா?

என் கண்ணுக்கு ஏதோ குறை தெரிந்திருக்கும் என்று நினைக்கிறாய். நினைத்துக்கொண்டே இரு. பையை லேப் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள்.


இவோன், மரிசெலுக்கு
30 மார்ச், ஞாயிறு

அன்பு மரிசெல்,

நான் நலம். முதுகு பரவாயில்லை. பதில் தாமதம், மன்னித்துக்கொள், வேலை அதிகம்.

அம்மாவின் பிறந்தநாளுக்கு வர முடியவில்லை. சாஹா கேக் நீயே வாங்கி வெட்டியிருப்பாய், மேலே இருக்கிற பீச் துண்டுகளை அவள் ஒன்றுவிடாமல் பொறுக்கியிருப்பாள். நேற்று இருபத்தொன்பதாம் தேதி ஆயிற்றே, நானும் உருளைக்கிழங்கு நொக்கி செய்து, மாதம் முழுக்கக் காசு சேரட்டும் என்று தட்டுக்கடியில் பண நோட்டு வைத்துச் சாப்பிட்டேன். கடை நன்றாகப் போகிறது. தைக்கிற பெண்கள் இருவரும் நலம். எல்லாம் நன்றாகப் போகிறது.

முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அம்மாவுக்கு உப்பைக் குறை.

முத்தங்கள்,
இவோன்


மரிசெல், இவோனுக்கு
18 மே, ஞாயிறு

அன்பான அக்கா,

சுகமா? நாங்கள் சுகம். அம்மாவுக்குச் சளி வந்து போய்விட்டது. எனக்குத்தான் இந்த வாரம் அப்படியொரு உற்சாகம். பாத்திரம் கழுவும்போது பாடினேனாம். "என்னடி, லாட்டரி விழுந்திருக்கா?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

ஒரு சந்தேகம். நெட் வியாபாரம் உன்னைவிட யாருக்குத் தெரியும், அதனால் கேட்கிறேன். எங்கள் லேபில் ஒருத்தி ஒரே ஒரு கடையில் பொருள் வாங்குவதற்கென்று தனியாக ஒரு முகவரி வைத்திருக்கிறாள். அது அவளுக்கும் அந்தக் கடைக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பத்து நாளாக அதில் குப்பை கொட்டுகிறது. உடம்பு மெலிய மாத்திரை, ஒரு மணி நேரத்தில் கடன், பெயர்ராசி, உங்கள் வங்கிக் கணக்கை முடக்கப் போகிறோம் உடனே ரகசிய எண்ணைச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது. எல்லாமே அவள் பெயரையும் ஊரையும் சொல்லிக் கூப்பிடுகின்றன.

கடைக்காரர்கள் வாடிக்கையாளர் முகவரியை விற்பது உண்டா அக்கா? உன்னிடம் யாராவது வந்து கேட்டிருக்கிறார்களா?

அம்மாவுக்கு உப்பைக் குறைத்துவிட்டேன்.

முத்தங்கள், இந்த முறை முழுசாகவே.
மரிசெல்


இவோன், மரிசெலுக்கு
24 மே

அன்பு மரிசெல்,

நலம். உன் தோழியின் விஷயம் படித்தேன். அந்தக் கடைக் கணினியில் கிருமி புகுந்திருக்கலாம். இல்லாவிட்டால் அவளே வேறெங்காவது முகவரியைக் கொடுத்துவிட்டு மறந்திருப்பாள். விற்கிறவர்கள் இருப்பார்கள், பெரிய கடைகள். என்னிடம் யாரும் வந்து கேட்டதில்லை. ஒருவர் நம்பி முகவரி கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுக்கிற மாதிரி. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கடை நன்றாகப் போகிறது.

இவோன்


மரிசெல், "தெல்மா ரிவாஸ்" பெயரில், இவோனுக்கு
26 மே

மதிப்புக்குரிய இவோன் அவர்களுக்கு,

உடல்நலம் எப்படி? நான் நலமாக இருக்கிறேன், என் மின்னஞ்சல் பெட்டிதான் நலமாக இல்லை.

இந்த முகவரியை உங்கள் கடைக்கென்றே திறந்தேன். வேறு எங்கும் கொடுக்கவில்லை, கொடுத்துவிட்டு மறக்கவும் இல்லை. மே எட்டாம் தேதியிலிருந்து இன்று காலை வரை இதற்கு வந்த குப்பை ஐந்நூற்று எழுபத்திரண்டு. நீங்கள் விற்றீர்களா, இல்லையா? தகவல் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கொடுக்கிற புகார்ப் படிவம் என் மேசைமேல் இருக்கிறது. நிரப்புவதற்கு முன் உங்கள் வாயால் கேட்க விரும்புகிறேன்.

பை நன்றாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள், அதனால் அதையும் எழுதுகிறேன்.

தெல்மா ரிவாஸ்


இவோன், தெல்மாவுக்கு
28 மே

அன்புள்ள தெல்மா,

உங்கள் நலம் விசாரிக்க எனக்கு உரிமை இல்லை, இருந்தாலும் நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

விற்றேன். நீங்கள் நேராகக் கேட்டதற்கு நேரான பதில் இதுதான்.

டிசம்பரிலிருந்து ஆர்டர் விழுந்துவிட்டது. என் பையைப் படம் பிடித்து அப்படியே பிளாஸ்டிக்கில் செய்து பாதி விலைக்குத் தெருவெல்லாம் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரண்டு மாத வாடகை நின்றுபோனது. மார்ச் கடைசியில் விளம்பரக் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். "அட்ரஸெல்லாம் சும்மா தூங்குது மேடம், அதுங்களும் கொஞ்சம் சம்பாதிச்சுக் குடுக்கட்டுமே" என்றார். தோல் கடைகளின் விளம்பரம் மட்டும்தான் வரும் என்றார். நம்பினேன் என்று சொல்லமாட்டேன், நம்ப எனக்குச் சௌகரியமாக இருந்தது. மூவாயிரத்து இருநூறு பேர். வாடகையைக் கட்டிவிட்டேன்.

இந்த மாதம் துராஸ்னோவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கூப்பிட்டார். வங்கி என்று வந்த கடிதத்தை நம்பி ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டார், ஓய்வூதியம் மொத்தமும் போய்விட்டது. "நீங்க கம்ப்யூட்டர்ல வியாபாரம் பண்றவங்களாச்சே, என் அட்ரஸ் இவனுங்களுக்கு எப்படிப் போச்சுன்னு பார்த்துச் சொல்றீங்களாம்மா" என்று என்னையே கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. என் தங்கையே இதைக் கேட்டாள், நான்கு நாளைக்கு முன் அவளுக்குப் பொய் எழுதினேன். உங்களிடம் மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது என்று தெரியவில்லை. உங்கள் கடிதங்களில் ஒரு வெடுக்கு இருக்கிறது, அது எனக்குப் பழகியதாகப் படுகிறது.

படிவத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கக் கூடாது, கேட்கவில்லை.

இவோன்


மரிசெல், இவோனுக்கு
15 ஜூன், ஞாயிறு

இவோன்,

அம்மா சுகம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெல்மா நான்தான். பெயரும் அடையாள அட்டையும் லேபில் என்னோடு இருக்கிறவளுடையது. முகவரியும் எழுத்தும் வெடுக்கும் என்னுடையவை. உன் பையில் குறை கண்டுபிடிக்கத்தான் வாங்கினேன். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், கிடைக்கவில்லை. குப்பை வர ஆரம்பித்ததும் கிடைத்துவிட்டது என்று குதித்தேன். தெரியாத மாதிரி உன்னிடம் கேட்டதும் உன்னைச் சிக்கவைக்கத்தான். இதிலெல்லாம் எனக்குப் பெருமை இல்லை.

ஆனால் நீ செய்ததைப் பார். நான் கேட்டேன், கிருமி என்றாய், சாவி என்றாய். தெல்மா கேட்டாள், இரண்டே நாளில் மனசைத் திறந்து கொட்டிவிட்டாய். நாற்பத்து நான்கு வருஷமாகத் தங்கையாக இருக்கிறவளுக்கு நாலு வரிப் பொய், மூன்று மாத வாடிக்கைக்காரிக்கு உண்மை. வாடகை கட்ட முடியவில்லை என்பதை நான் தெல்மாவின் கடிதத்தில்தான் படிக்க வேண்டுமா? உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை? உலகத்தில் இல்லாத ஒருத்தியைப் பார்த்து எரிகிற நிலைமைக்கு வந்துவிட்டேன், அவளை உண்டாக்கியதும் நானே.

நிஜத் தெல்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதங்களை வாங்கிப் படித்தாள். "என் புருஷன்கூட எனக்கு இப்படி எழுதினதில்லடி. எனக்கு வந்த லெட்டர்தானே, ஒரு காப்பி எடுத்துக் குடு" என்றாள். கொடுக்கவில்லை. அவளுக்கு எதற்கு?

சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி. அந்த மூவாயிரத்து இருநூறு பேருக்கும் நீ செய்ததை எழுதிச் சொல். ஜூலை முடிவதற்குள். இல்லாவிட்டால் படிவம் போகும். தெல்மா பெயரில் இல்லை, என் பெயரில்.

அவளிடம் ஏன் சொன்னாய், என்னிடம் ஏன் சொல்லவில்லை? அதற்கும் பதில் வேண்டும்.

மரிசெல்


இவோன், மரிசெலுக்கு
20 ஜூலை, ஞாயிறு

அன்பு மரிசெல்,

முட்டி எப்படி இருக்கிறது? குளிரில் அதிகமாக வலிக்குமே. அம்மாவுக்குக் கம்பளிக் காலுறை போட்டு விடுகிறாயா? ஐந்து வாரம் கழித்து இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது, கேட்காமல் ஆரம்பிக்கவும் தெரியவில்லை.

ஊரெல்லாம் உலகக் கோப்பைப் பந்தாட்டம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்த நாட்களில் நான் கடைக் கதவை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். முதல் வாரம் உன்மேல் கோபம். கூடப் பிறந்தவள் வேவு பார்த்தாளே என்று. இரண்டாவது வாரம் தெல்மாவின் கடிதங்களை மறுபடி படித்தேன். "படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்." இதை உன்னைத் தவிர யார் எழுதுவார்கள்? எப்படித் தெரியாமல் போயிற்று என்று எனக்கு என்மேலேயே எரிச்சல்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், தெல்மாவிடம்கூடச் சொல்லவில்லை. புதுப் பைகளின் படம் அனுப்புவதற்காக உங்கள் எல்லோருடைய முகவரியும் கடைப் பட்டியலில் இருந்தது. பட்டியலை அந்த ஆளுக்கு அனுப்புவதற்கு முன் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். முதலில் உன் பெயர். பிறகு அம்மா, தைக்கிற பெண்கள் இருவர், மாமா வீட்டார், என் பல் வைத்தியர். மொத்தம் பதினொன்று. பதினோரு பெயர்கள் நீங்கலாக எல்லாவற்றையும் கொடுத்தேன். வேண்டியவர்களுக்கு எதற்குத் தொந்தரவு என்றுதான் அப்போது நினைத்தேன். தொந்தரவு என்று தெரிந்துதானே எடுத்திருக்கிறேன். ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தால் உன் பெயரை ஏன் எடுக்க வேண்டும்?

தெல்மா ரிவாஸ் பெயர் வந்த இடம் நினைவிருக்கிறது. நம்மூர்க்காரி, இடது தோள்காரி என்று ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு தாண்டிவிட்டேன். மரிசெலை எடுத்து ஓரமாக வைத்த அதே கையால் உன்னை விற்றேன்.

வாடிக்கைக்காரர்களுக்குக் கடிதம் எழுதி மூன்று வாரமாகக் கணினியில் வைத்திருக்கிறேன். அனுப்பப் போகும்போதெல்லாம் விரல் நின்றுவிடுகிறது. கடையை மூடினால் தைக்கிற பெண்கள் எங்கே போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பாதி அது உண்மை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். தெல்மாவிடம் சொன்னால் அவள் இனிமேல் பை வாங்கமாட்டாள், அவ்வளவுதான். உன்னிடம் சொன்னால் நீ சந்தோஷப்படுவாய் என்று பயந்தேன். சின்ன வயசிலிருந்தே எனக்கு அந்தப் பயம் உண்டு, அதனால்தான் உனக்கு எழுதும்போதெல்லாம் கடை நன்றாகப் போகிறது. மறைக்காமல் சொல், சந்தோஷப்பட்டாயா?

முத்தங்கள், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்.
இவோன்


மரிசெல், இவோனுக்கு
3 ஆகஸ்ட், ஞாயிறு

அன்புள்ள அக்கா,

அம்மா சுகம். காலுறை இரண்டு ஜோடி மாட்டிக்கொண்டு அடுப்பங்கரையைவிட்டு நகர மறுக்கிறாள். என் முட்டி நீ சொன்ன மாதிரிதான் வலிக்கிறது.

ஆமாம், சந்தோஷப்பட்டேன். மே எட்டிலிருந்து இருபத்தெட்டு வரை, இருபது நாள். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணுவேன். ஐம்பதைத் தாண்டிய நாளில் பேக்கரிக்குப் போய் அம்மாவுக்கும் எனக்கும் இனிப்பு பன் வாங்கி வந்தேன். தெல்மாவுக்கு நீ எழுதிய கடிதம் வந்த அன்று அது நின்றது. அந்த ஆசிரியையைப் பற்றிப் படித்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். அங்கே நிற்கவில்லை. "இதை யாரிடமும் சொல்லவில்லை" என்ற வரிக்கு வந்தபோதுதான் நின்றது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை அக்கா, உன் பயம் சரியானதுதான்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. கேட்டுவிட்டு, "அப்போ எனக்கு மட்டும் ஏண்டி அந்த மெயில் ஒண்ணும் வரல?" என்றாள். பட்டியலிலிருந்து உன் பெயரை அக்கா எடுத்துவிட்டாள் என்று அவளிடம் சொன்னேன். "அந்த டீச்சரம்மாவுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

ஜூலை முடிந்துவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி ராத்திரி வரை தெல்மாவின் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன், உன் கடிதம் வரும் என்று. மாத்திரையும் கடனும் பெயர்ராசியும்தான் வந்தன. வெள்ளிக்கிழமை படிவத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இது பொறாமையில் செய்தது என்று நீ சொல்லலாம். பொறாமை இதில் எவ்வளவு என்று நானும் தபாலாபீஸ் வரிசையில் நின்றுகொண்டே யோசித்தேன். இருக்கும், நிறையவே இருக்கும். அதற்காக மீதி பொய்யாகிவிடாது. பட்டியலில் இருக்கிற மற்ற எல்லோருக்கும் ஓர் அக்கா உட்கார்ந்து பெயரை எடுத்துவிடவில்லை. கடையைப் பூட்டச் சொல்வார்களா, அபராதம் போடுவார்களா, தெரியாது. நீ எழுதி வைத்திருக்கிற கடிதத்தை இப்போதாவது அனுப்பு. அலுவலகம் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் நீ சொன்னதாக இருக்கட்டும்.

விசாரணைக்கு உன்னைக் கூப்பிடுவார்கள். தேதி வந்ததும் எனக்கு எழுது, எனக்கே, என் முகவரிக்கே. லேபில் விடுப்புக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அம்மாவைத் தெல்மா பார்த்துக்கொள்வாள். முந்தின நாள் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன், உனக்குச் சாப்பாடு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். புகார் கொடுத்தவர் யார் என்று அங்கே கேட்பார்கள். நான் கை தூக்குவேன். கடைக்காரிக்குத் துணையாக யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்பார்கள். அதற்கும் நானேதான் கை தூக்குவேன்.

முதுகைப் பார்த்துக்கொள்.

மரிசெல்